கம்பளம் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குள் நுழைந்ததும் நம் கண் போவது நிறத்தின் மேல்தான். சோபாவுக்குப் பொருந்துமா, திரைச்சீலையோடு சேருமா என்று ஆயிரம் யோசனை! நானும் அப்படித்தான் போன வருஷம் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கம்பளம் வாங்கி வந்தேன். அடியில் போட ஒன்றும் வாங்கவில்லை. 'விரிப்புக்கு ஒரு விரிப்பா? வீண் செலவு' என்று தோன்றியது. மூன்றாவது வாரம், வழவழப்பான மொசைக் தரையில் அது நழுவ, என் மாமியார் விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு. கம்பளம் வாங்கும் சாஸ்திரத்தை அந்த 6 வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன், சகோதரிகளே!

ஆகவே, அடிவிரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் புதைகிற மாதிரி மெத்தென்று இருக்கிறதே என்று தடித்த ஸ்பாஞ்சை வாங்கிவிடாதீர்கள். நடக்க நடக்க அதன்மேல் கம்பளம் அமுங்கி எழுந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். வயதானவர்களுக்குக் கால் தடுமாறும். அரை அங்குலத்துக்கு உட்பட்ட கனத்தில், கட்டைவிரலால் அழுத்தினாலும் எளிதில் அமுங்காத கெட்டி ரப்பரே நல்லது. அது தரையையும் பற்றிக்கொள்ளும். கம்பளத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினால் ஓரம் தரையோடு படியும்.

கம்பளம் உழைக்குமா என்று அறிய ஒரு மூலையைப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே அடித்துணி பல்லிளித்தால் வேண்டாம். (கடைக்காரர் முகம் சுளிப்பார்; சுளிக்கட்டும்!) கம்பளி நன்றாக உழைக்கும், ஆனால் பூச்சி அரிக்கும், மழைக்கால ஈரத்தை உறிஞ்சும். நைலான் எத்தனை மிதித்தாலும் நிமிரும். காப்பிக் கறையைத்தான் பிடித்துக்கொள்ளும். கறைத்தடுப்பு செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். பாலிபுரொப்பிலீனில் காப்பியும் ரசமும் ஊறாது, விலையும் குறைவு. ஆனால் எண்ணெயை விடாது; நாற்காலிக் கால் அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்கும்.

எது சிந்தினாலும் தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் என்றால் அரிசி மாவைத் தூவி, ஊறியபின் தட்டிவிடலாம். மஞ்சள் கறைக்குச் சோப்புப் போட்டீர்களோ, குங்குமமாய்ச் சிவந்து உங்களைப் பதற வைக்கும்! ஒற்றி எடுத்துவிட்டு வெயிலில் போடுங்கள். மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும்.

குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்குக் கம்பளமே வேண்டாம் என்பேன். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் இருக்கிறதே! கெட்டிப் பருத்தி நூல். தூசி தட்டலாம், அலசலாம், மொட்டை மாடியில் உலர்த்தலாம். 1985-ஆம் வருஷத்துச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஆகவே கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். இதற்கும் அடியில் ரப்பர் உண்டு, மறக்க வேண்டாம்.

எங்கள் கூடத்து ரோஜாக் கம்பளம் இப்போது ரப்பரின்மேல் அசையாமல் கிடக்கிறது. மாமியார் மட்டும் இன்னமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் பூஜை அறைக்குப் போகிறார்.