641 குதிரைக்கும் அதே லைசென்ஸா?

கார் பைத்தியம் பிடித்த பையன்கள் என்னிடம் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஹூண்டாய் அயோனிக் 5 என் என்ற மின்சாரக் கார், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.4 நொடியில் தொடுமாம். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் அதற்கு ஒன்பது நொடி வாக்கில் எடுத்துக்கொள்ளும். "அப்புறம் என்ன சார் பேச்சு?" என்கிறார்கள். பேச்சு இருக்கிறது.

இங்கிலாந்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இரண்டிலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எலானைச் செய்த காலின் சாப்மன் கட்டுமானப் பொறியியல் படித்தவர். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்புத் தகட்டுச் சட்டம், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு. மொத்த எடை சுமார் 650 கிலோதான். 105 குதிரைத்திறன் அதற்குத் தாராளம். பவர் ஸ்டீயரிங் கிடையாது; சாலையில் கிடக்கிற சின்னக் கல்லும் ஓட்டுகிறவர் கைக்கு வந்து சொல்லிவிடும். வளைவில் கொஞ்சம் அதிகமாகப் போனால் டயர் முனகும், வண்டி சாயும், வயிற்றில் ஒரு கலக்கம் வரும். கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும். 60 கிலோமீட்டர் வேகத்திலேயே இதெல்லாம் நடந்துவிடுகிறது!

அதற்காக எலானைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஏர்பேக் கிடையாது. லாரி இடித்தால் அந்த ஃபைபர் கிளாஸ் அப்பளம். பின் சக்கரத்துக்குப் போகிற தண்டில் உள்ள ரப்பர் கப்ளிங் தேய்ந்துகொண்டே இருக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அயோனிக்கின் எடை சுமார் 2,200 கிலோ. பூஸ்ட் பொத்தானை அழுத்தினால் பத்து நொடிக்கு 641 குதிரைத்திறன். உள்ளே உட்கார்ந்தால் வீட்டு சோபா. இதில் எனக்குச் சிரிப்பு மூட்டிய விஷயம் ஒன்று உண்டு. மின்சாரக் காரில் மாற்றுவதற்குக் கியர் ஏது? ஆனாலும் எட்டு கியர் இருப்பது போல உதறலையும் இன்ஜின் சத்தத்தையும் செயற்கையாக உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பல்செட் கட்டிக்கொண்டவர் பல்வலி என்று நடிப்பது போல! பழைய காரிடம் ஏதோ இருந்தது என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிரிப்பு அதோடு சரி. அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டி சுமக்கிற மோதல் சக்தி எலானைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எலான் முன்கூட்டியே பயமுறுத்தும். இதுவோ கடைசி நொடிவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து இழுத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஓட்டுகிற பையனுக்குத் தெரியாது. தன் திறமை என்று நினைத்துக்கொள்வான். அதுவும் கைவிடுகிற இடத்தில், எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு ஏர்பேக் இல்லை.

என் சண்டை காரோடு இல்லை, சட்டத்தோடு. பிரிட்டனில் 17 வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் 125 சிசி, சுமார் 15 குதிரைத்திறன், அதற்கு மேல் கூடாது. பெரிய பைக்குக்குப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். அதே பையன் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டால் 641 குதிரையையும் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ்காரன் தடுத்தால் உண்டு, சட்டம் தடுக்காது. நம் ஊரிலும் 16 வயதுப் பிள்ளைக்கு 50 சிசிக்கு மேல் பைக் கூடாது என்கிறோம். 18 ஆகி கார் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால், அப்பாவிடம் பணம் இருக்கிற அளவுக்கு வேகம்.

300 குதிரைத்திறனுக்கு மேல் போகிற எந்தக் காருக்கும் தனிப் பரீட்சை வையுங்கள். சாதாரணக் காரில் இரண்டு வருஷம் ஓட்டியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இதைச் சொன்னால் அந்தப் பையன்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.