ஒரே தொடக்கம், வெவ்வேறு கடமைகள்

சாங்கியில் உள்ள படகுத் துறையிலிருந்து புறப்படும் படகு, சிறிது நேரத்தில் புலாவ் தெக்கோங் தீவை அடைகிறது. படகில் பதினெட்டு, பத்தொன்பது வயது இளையர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிப் பாதுகாப்புப் படித்தவர். மற்றொருவர் தொடக்கக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். இன்னொருவர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சமையற்கலை பயின்றவர். தீவில் இறங்கித் தலைமுடி மழிக்கப்பட்டதும் அவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. ஒரே சீருடை, ஒரே உணவு, ஒரே அட்டவணை என்று அடுத்த சில வாரங்கள் கழிகின்றன.

அதன்பின் அவர்களின் வழிகள் பிரிகின்றன. ஒருவர் தரைப்படையில் சேர்ந்து காடுகளில் நடப்பார். ஒருவர் போர்க்கப்பலில் பணிபுரிவார். ஒருவர் விமானத் தளத்தைக் காப்பார். ஒருவர் குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து இணையத் தாக்குதல்களைக் கண்காணிப்பார். கடமைகள் இவ்வளவு மாறுபடும்போது, தொடக்கப் பயிற்சி மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் ஒரே அடிப்படைத் தரம் தேவைதானா?

சிங்கப்பூரில் தேசிய சேவை 1967ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இன்று ஆயுதப்படையில் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகியவற்றோடு, 2022இல் தொடங்கப்பட்ட மின்னிலக்க, உளவுச் சேவையும் நான்காவது பிரிவாக இடம்பெற்றுள்ளது. முழுநேர தேசிய சேவையாளர்களில் பெரும்பாலோர், எந்தப் பிரிவுக்குச் செல்பவர்களாக இருந்தாலும், அடிப்படை ராணுவப் பயிற்சியை முடித்த பிறகே தங்கள் பணிக்கு அனுப்பப்படுகின்றனர். நல்ல உடலுறுதி உள்ளவர்களுக்கு இப்பயிற்சி ஒன்பது வாரம் நீடிக்கும். துப்பாக்கியைக் கையாளுதல், முதலுதவி, வெளிப்புற முகாம், தடைதாண்டும் பயிற்சி ஆகியவற்றை அவர்கள் கற்கின்றனர். இறுதியில் 24 கிலோமீட்டர் அணிநடை அவர்களுக்காகக் காத்திருக்கும். காமாண்டோ வீரர்களும் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களும் தனியே கடுமையான பயிற்சியைப் பெறுகின்றனர். காவல்துறைக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கும் செல்பவர்களுக்குத் தனிப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன.

ஒரே பயிற்சி தேவையில்லை என்று வாதிடுவோரின் காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. முழுநேர தேசிய சேவையின் காலம் இரண்டு ஆண்டுகள். அதில் ஒன்பது வாரம் என்பது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. கணினித் திறன் மிக்க ஓர் இளையர், அந்த நேரத்தைச் சேற்றில் தவழ்ந்து செலவிடுவதைவிடத் தம் துறையில் செலவிட்டால் நாட்டுக்கு அதிகப் பயன் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். மேலும், காட்டில் பதுங்குகுழி வெட்டத் தெரிந்த ஒருவருக்குக் கப்பலில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தெரியாமல் போகலாம் என்றும் அவர்கள் எச்சரிக்கின்றனர்.

இந்த எச்சரிக்கைக்கு வரலாற்றில் சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், வியட்னாம் கடற்பகுதியில் இருந்த ஃபாரஸ்டால் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு ராக்கெட் தவறுதலாகப் பாய்ந்தது. அது, மேல்தளத்தில் நின்ற விமானம் ஒன்றைத் தாக்கியது. எரிபொருள் கொட்டித் தீ பரவியது. தீயை அணைக்க முதலில் ஓடிய பயிற்சி பெற்ற குழுவினரில் பலர், அடுத்த சில நிமிடங்களில் குண்டுகள் வெடித்ததில் இறந்துபோயினர். அவர்களுக்குப் பதிலாக ஓடிவந்தவர்களிடம் துணிவு இருந்தது, பயிற்சி இல்லை. ஒரு குழுவினர் தீயின்மேல் நுரையைப் பரப்ப, மற்றொரு குழுவினர் தண்ணீரைப் பாய்ச்சி அந்த நுரையையே அடித்துச் சென்றுவிட்டனர். அந்த விபத்தில் 134 பேர் உயிரிழந்தனர். அதன்பின், கப்பலில் பணியாற்றும் ஒவ்வொருவரும் தீயணைக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் கடற்படை வலியுறுத்தத் தொடங்கியது. இன்று அங்கே கடற்படையில் புதிதாகச் சேர்வோர் அனைவரும் அடிப்படைப் பயிற்சியிலேயே நீச்சலையும் தீயணைப்பையும் கற்கின்றனர்.

இந்நிகழ்வை மேலோட்டமாகப் பார்த்தால், ஒவ்வொரு படைக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்றே தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் வேறோர் உண்மையும் புலப்படும். ஒரு திறனைச் சிலரிடம் மட்டும் விட்டுவைத்தால், அந்தச் சிலர் இல்லாத நேரத்தில் அனைவரும் ஆபத்துக்கு உள்ளாவர். உயிர் காக்கும் திறன் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும் என்பதே ஃபாரஸ்டால் தந்த பாடம்.

தரையிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஈராக்கின் நசிரியா நகருக்கு அருகே அமெரிக்கத் தரைப்படையின் பராமரிப்புக் குழு ஒன்று வழிதவறிச் சென்றது. அக்குழுவில் இருந்தவர்கள் வாகனம் பழுதுபார்ப்போர், சமையல் பணியாளர், கிடங்குப் பணியாளர் போன்றவர்கள். போர்முனையில் நிற்பது அவர்களின் வேலையன்று. ஆயினும், போர்முனை அவர்களைத் தேடி வந்தது. எதிரிகள் திடீரெனத் தாக்கியபோது பலரின் துப்பாக்கிகள் இயங்க மறுத்தன. பாலைவனத் தூசியில் அவற்றைப் போதிய அளவு துடைத்துப் பராமரிக்காதது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வெளியான ராணுவ அறிக்கை குறிப்பிட்டது. அன்று 11 வீரர்கள் மாண்டனர்; சிலர் சிறைபிடிக்கப்பட்டனர்.

அவர்களும் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள்தாம் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும், "இது நம் வேலையன்று" என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் வந்துவிடும். ஆகவே, பொதுத் தரம் என்பது தொடக்கத்தில் ஒருமுறை தாண்டிவிட்டு மறந்துபோகும் வேலியாக இருக்கக்கூடாது. சேவைக்காலம் முழுவதும் காக்கப்பட வேண்டிய வாக்குறுதியாக அது இருக்க வேண்டும். அந்நிகழ்வுக்குப் பின், எப்பணியில் இருப்பவரும் அறிந்திருக்க வேண்டிய போர்த்திறன்களை அமெரிக்கத் தரைப்படை வரையறுத்துப் பயிற்சியில் சேர்த்தது.

அப்படியானால், எல்லாருக்கும் எல்லாவற்றையும் கற்பிக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. கனடா இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. அந்நாடு 1968ஆம் ஆண்டு தன் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றையும் ஒரே ஆயுதப்படையாக இணைத்தது. அங்கே எந்தப் பிரிவில் சேர்பவரும் முதலில் ஒரே அடிப்படைப் பயிற்சியைப் பெறுகிறார். அதன்பின் தரைப்படைக்குச் செல்பவர் தரைப்போர்த் திறன்களையும், கடற்படைக்குச் செல்பவர் கப்பல் வாழ்க்கைக்கு வேண்டிய திறன்களையும் தனித்தனியே கற்கின்றனர். அடித்தளம் ஒன்று, அதன்மேல் எழும் மாடிகள் வேறு வேறு.

உடலுறுதித் தேர்வைப் பற்றிய விவாதமும் இதனோடு தொடர்புடையது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு முதல் இத்தேர்வு தண்டால், படுத்தெழும் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என மூன்று அங்கங்களைக் கொண்டுள்ளது. மொத்தம் 100 புள்ளிகள். வயதுக்கு ஏற்பப் புள்ளிகள் கணக்கிடப்படுவதால், முப்பத்தைந்து வயதுப் போர்க்காலப் படைவீரர் இருபது வயது இளையரைப் போல ஓட வேண்டியதில்லை. பொதுவாக 85 புள்ளிகள் பெற்றால் தங்க விருது கிடைக்கும். காமாண்டோ, முக்குளிப்பு வீரர் போன்றோருக்கோ 90 புள்ளிகள் தேவை. கனடாவின் முறை வேறு. மணல்மூட்டையைத் தூக்குவது, இழுத்துச் செல்வது போன்ற நான்கு செயல்களை வயது, பாலினம் என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஒரே குறைந்தபட்ச அளவுக்குச் செய்துகாட்ட வேண்டும்.

இவற்றுள் எது நியாயமானது? ஒருவரின் உடல்நலத்தையும் முயற்சியையும் அளப்பது நோக்கமானால், வயதைக் கணக்கில் கொள்வதே முறை. ஆனால், காயமடைந்த தோழரைத் தூக்கிச் செல்ல முடியுமா என்று அறிவது நோக்கமானால், தூக்குபவரின் வயது என்னவாக இருந்தாலும் தூக்கப்படுபவரின் எடை மாறப்போவதில்லை. எனவே, "ஒரே தரம்" என்று சொல்வதற்கு முன், எதை அளக்க அந்தத் தரம் என்பதில் தெளிவு வேண்டும்.

பொதுவாக இருக்க வேண்டியவை எவை என்று பட்டியலிட்டால், அது நீளமாக இராது. ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளுதல், முதலுதவி, நீரிலும் நெருப்பிலும் உயிர் பிழைக்கும் வழி, கட்டளையைப் புரிந்து செயல்படுதல், களைப்பிலும் தோழரைக் கைவிடாமை ஆகிய ஐந்தும் எப்படைக்கும் பொதுவானவை. பதுங்குகுழி வெட்டுவதும் நீண்ட தூரம் சுமையோடு நடப்பதும் எல்லாருக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. அவற்றைப் பணிக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். கணினி முன் அமரப்போகும் இளையரின் நேரம் வீணாகிறது என்ற குறையை இவ்வாறு ஓரளவு தீர்க்க முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எப்பிரிவிலும் சிறிதும் மாறக்கூடாத தரம் ஒன்று உண்டு. அதுவே பயிற்சியின்போது வீரர்களைக் காக்கும் தரம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூரில், போதிய தண்ணீரும் ஓய்வும் இல்லாத பயிற்சி உயிருக்கே கேடு விளைவிக்கலாம். கடினமான பயிற்சி வேறு, கவனமற்ற பயிற்சி வேறு. ஆயுதப்படையின் எல்லாப் பிரிவுகளிலும் பாதுகாப்பு நடைமுறைகளைக் கண்காணிக்க 2019ஆம் ஆண்டு தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது இந்த எண்ணத்தின் வெளிப்பாடே. படகில் ஏறும் ஒவ்வொரு மகனும் ஒரு வீட்டின் பிள்ளை. அவன் எந்தப் படைக்குச் சென்றாலும் பெற்றோரின் கவலை ஒன்றுதான்.

பொதுப் பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது. ஒரே முகாமில் மழையில் நனைந்தவர்கள், பிற்காலத்தில் கப்பலிலும் விமானத் தளத்திலும் கணினி அறையிலும் பிரிந்திருந்தாலும், ஒருவர் பணியின் சுமையை மற்றவர் எளிதில் உணர்வர். கணினி அறையிலிருந்து வரும் ஓர் எச்சரிக்கை, காட்டில் நடக்கும் ஒரு குழுவின் உயிரைக் காக்கலாம். அந்தக் குழு எப்படி நடக்கிறது, எவ்வளவு சுமக்கிறது, எப்போது களைக்கிறது என்று அனுபவித்து அறிந்தவரின் எச்சரிக்கை தாமதமாக வராது.

ஆகவே, படைப்பிரிவுகளுக்கு ஒரே அடிப்படைத் தரம் தேவை; ஆனால், ஒரே பாடத்திட்டம் தேவையில்லை. பொதுவான தரம் சிறியதாக இருக்கட்டும். ஆனால், அதில் எவருக்கும் விலக்கு வேண்டாம். சிறப்புப் பயிற்சி பெரியதாக இருக்கட்டும்; அது பணிக்குப் பணி மாறட்டும். தெக்கோங்கிலிருந்து திரும்பும் படகில் ஏறும் இளையர்கள், எத்திசையில் பிரிந்தாலும், ஆபத்து நேரத்தில் அருகில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதில் ஐயமின்றி இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத் தருவதே அடிப்படைப் பயிற்சியின் கடமை.