கொரிய மாட்டுக்கு மட்டும் சாதி இல்லையா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. கல்லூரிக் கால நண்பர்கள் ஆறு பேர் சென்னையில் ஒரு கொரிய உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். மேசை நடுவே அடுப்பு, அடுப்பின் மேல் இரும்புத் தகடு. பன்றியின் வயிற்றுக் கறியை நீள நீளமாக வெட்டி அதில் போட்டார்கள். சம்கியொப்சால் என்று பெயர். சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி. பிறகு புல்கோகி வந்தது. மெல்லிய மாட்டுக்கறித் துண்டுகளைச் சோயா, பூண்டு, எள் எண்ணெயில் ஊறவைத்துச் சுட்டது.

என் பக்கத்தில் இருந்தவன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சொன்னான்: “மச்சான், பீஃபுன்னா இதான்டா பீஃப். நம்மூரு பீஃப் மாதிரி நாத்தம் கிடையாது பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் விடுதியில் என் அறை நண்பன். இரண்டாம் ஆண்டில் ஒரு முறை ஊரிலிருந்து அம்மா உப்புக்கண்டம் வறுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்து, கொடியில் தொங்கவிட்டு, மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பது எங்கள் தெருவின் வழக்கம். டப்பாவைத் திறந்ததும் இவன்தான் மூக்கைப் பொத்தினான். “என்னடா இது நாத்தம்?” “ஆட்டுக்கறிடா, வர்ற வழியில கெட்டுப்போச்சு போல” என்றேன். சொன்னதை உண்மையாக்க, டப்பாவைக் கொண்டுபோய் விடுதிக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் கொட்டினேன். ராத்திரி அம்மா போன் செய்து, “எல்லாரும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். “நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கம்மா” என்றேன்.

அன்று நாற்றம். இன்று ருசி. இரண்டும் மாடுதான். நடுவில் மாறியது என்ன?

நாக்கு பழகிவிட்டது என்பார்கள். பழகட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாக்கு புளியந்தோப்புத் தள்ளுவண்டியில் பழகவில்லை. என் அம்மாவின் டப்பாவிலும் பழகவில்லை. ஏசி அறையும், கொரிய நாடகமும், ஆயிரக்கணக்கில் வரும் பில்லும் சேர்ந்து மாட்டுக்கறியின் மேலிருந்த ‘தீட்டை’க் கழுவிக் கொடுத்த பிறகே பழகியது. கொப்சாங் என்ற பெயரில் மாட்டுக் குடலைச் சுட்டால் அது ‘டெலிகஸி’. எங்கள் தெருவில் அதையே போட்டி என்று வறுத்தால் அது ‘சேரி சாப்பாடு’. பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்துச் சுன்டே என்று வைத்தால் போட்டோ எடுக்கிறார்கள். ரத்தப் பொரியல் என்றால் முகம் சுளிக்கிறார்கள். மாதக்கணக்கில் புளித்த கிம்ச்சியின் வாசத்துக்கு ரசிகர் உண்டு. கருவாட்டு வாசத்துக்கு வாடகை வீடு கிடைக்காது.

ஆக, பிரச்சினை கறியில் இல்லை. அதை யார் சமைத்தார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. கொரியாக்காரன் சாப்பிட்டால் கலாச்சாரம், நாங்கள் சாப்பிட்டால் சாதி.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. கிம்ச்சி ஜிகே வந்தது. கொதிக்கிற குழம்பு ஒரே சட்டியில். கொரிய வழக்கப்படி ஆறு பேரும் ஆறு ஸ்பூனை அதே சட்டியில் விட்டுக் குடித்தோம். எதிரில் இருந்த நண்பன், “இதான் மச்சான் கொரியன் கல்ச்சர். எச்சில் அது இதுன்னு எதுவும் கிடையாது. நாமளும் இப்ப அப்படித்தானே, யாருடா சாதி பாக்குறா?” என்றான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் வாழையிலை போட்டார்கள். எனக்கு மட்டும், ‘இடமில்லை’ என்று சொல்லி, மாடிப்படி ஓரத்தில் காகிதத் தட்டு, காகிதக் கப். அவன் பார்த்தான். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, “பாட்டி பழைய ஆளு மச்சான், தப்பா எடுத்துக்காத” என்றான். இரட்டைக் குவளை டீக்கடையில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? தூக்கியெறியும் காகிதக் கப்பாக அது நகரத்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கழுவ வேண்டிய வேலையும் மிச்சம்.

அன்று காகிதக் கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இன்று கொரியச் சட்டியில் என்னோடு ஸ்பூன் விட்டதைப் புரட்சி என்கிறான். அந்தச் சட்டி அவன் வீட்டு அடுப்பில் இருந்தால் விடுவானா?

‘நான் பீஃப் சாப்பிடுவேன், அதனால் எனக்குச் சாதி கிடையாது’ என்பது இன்று முற்போக்கு இளைஞர்கள் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் செல்லாது. இதைச் சொல்ல வேறு எந்த நாட்டுக்கும் போகத் தேவையில்லை, அவர்கள் கொண்டாடும் அதே கொரியாவின் வரலாறு போதும்.

ஜோசன் அரச காலத்துக் கொரியாவில் பெக்ஜோங் என்று ஒரு மக்கள் கூட்டம் இருந்தது. மாடு அறுப்பது, தோல் வேலை, கூடை முடைவது அவர்கள் தொழில். ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும். ஓட்டு வீடு கட்டக்கூடாது, பட்டு உடுத்தக்கூடாது, மற்றவர்கள் அணியும் தொப்பியை அணியக்கூடாது. சாதாரண வீட்டுச் சிறுவன் எதிரே வந்தாலும் வயதான பெக்ஜோங் குனிந்து வணங்க வேண்டும். செத்தால் சுடுகாடும் தனி. படிக்கும்போது எந்த ஊர் ஞாபகம் வருகிறது உங்களுக்கு?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சமூகம் மாட்டுக்கறியை வெறுக்கவில்லை. யங்பன் என்ற மேல்குடிப் பிரபுக்கள் அதை விரும்பிச் சாப்பிட்டார்கள். கறி மேசைக்கு வரலாம், அறுத்தவன் வாசலுக்கு வரக்கூடாது. தின்றவனுக்கு மரியாதை, அறுத்தவனுக்குத் தீண்டாமை. மாட்டுக்கறி தின்றால் சாதி போய்விடும் என்றால், கொரியாவில் அது தோன்றியே இருக்கக்கூடாது.

1894 சீர்திருத்தத்தில் சட்டப்படி அந்த இழிநிலை ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் ஒழித்ததை ஊர் ஒழிக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. 1909இல் சின்ஜு நகரத்துத் தேவாலயத்தில் பெக்ஜோங்குகளோடு ஒன்றாக உட்கார்ந்து ஜெபிக்க மாட்டோம் என்று மற்ற விசுவாசிகள் வெளியேறினார்கள். பிறகு ஜப்பானிய ஆட்சியில் குடும்பப் பதிவேட்டிலேயே அவர்கள் பிறப்பை அடையாளமிட்டு வைத்தார்கள்.

அதே சின்ஜுவில் 1923 ஏப்ரலில் பெக்ஜோங் மக்கள் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஹியோங்பியோங் என்றால் ஏறாமல் இறங்காமல் சமமாக நிற்கும் தராசு. கறி நிறுக்கும் தராசு. எந்தத் தொழிலைக் காட்டி இழிவுபடுத்தினார்களோ, அந்தத் தொழிலின் கருவியையே சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள். ஒரு வருடம் முன்பு, 1922இல், ஜப்பானில் புராக்கு மக்கள் சுய்ஹெய்ஷாவைத் தொடங்கியிருந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1927இல், அம்பேத்கர் மகத் குளத்தில் தண்ணீர் அள்ளினார். ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆசியாவின் மூன்று மூலைகளில் தீண்டப்படாதவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஹியோங்பியோங்சா தொடங்கியதும் சின்ஜுவில் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடையில் மாட்டுக்கறி வாங்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதுவரை ருசித்துத் தின்ற அதே கறி. அறுக்கிறவன் மரியாதை கேட்டதும் கறி கசந்துவிட்டது. 1925இல் யெசோன் என்ற ஊரில் அமைப்பின் ஆட்களைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்கினார்கள். இந்தக் கதையில் மொழியும் ஊரும்தான் வேறு.

இன்றைய கொரியாவில் நான் பெக்ஜோங் வம்சம் என்று சொல்லிக்கொள்பவரைக் காண்பது அரிது. போரும் இடப்பெயர்வும் நகரமும் அந்த அடையாளத்தைக் கரைத்தன. மிச்சத்தை மக்களே மறைத்தார்கள். அந்தச் சொல் மட்டும் வசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிய கறி உணவகங்களும் இருக்கின்றன.

தமிழர்கள் கொரிய உறவைப் பேசாமலில்லை. அம்மா, அப்பா என்ற சொற்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று ரீல்ஸ் போடுகிறோம். கடல் கடந்து கொரிய அரசனை மணந்த அயுத்த நாட்டு இளவரசியின் பழங்கதையை எடுத்து, அவள் அயோத்திக்காரி என்று ஒரு தரப்பும், எங்கள் செம்பவளம் என்று இன்னொரு தரப்பும் சண்டை போடுகின்றன. அரசி யார் ஊர்ப்பெண் என்று கேட்க ஆளிருக்கிறது. மாடறுத்தவன் யாருக்குச் சொந்தக்காரன் என்று கேட்க ஆளில்லை. நான் கேட்கிறேன். பெக்ஜோங் என் சொந்தக்காரன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கொரிய உணவகங்கள் இங்கே வந்ததே இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கொரிய ஆலைகள் வந்ததால்தான். கொரிய மேலாளர் தன் ஊர்ச் சாப்பாட்டைத் தேடினார், கடை திறந்தது. மாட்டையும் பன்றியையும் மேசையிலேயே சுடும் கடை. யாருடைய மனமும் புண்படவில்லை, நல்லது. ஆனால் இதே தமிழ்நாட்டில், 2022 மே மாதம், மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2017இல் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் தாக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அதே வளாகத்து உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது.

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழகம் கொதித்து நூறு வருடம் ஆகிறது. திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957இல் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். பலகையில் எழுத்தை அழித்தோம். பந்தியைக் கலைத்தோம். ஆனால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தோமா?

‘உணவு தனிப்பட்ட விருப்பம், இதில் ஏன் அரசியல்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரையும் மாட்டுக்கறி சாப்பிடச் சொல்லி நான் இங்கே பிரச்சாரம் செய்யவில்லை. சாப்பிடாதது உங்கள் உரிமை. எங்கள் ஆட்களிலும் சாப்பிடாதவர்கள் உண்டு. சாப்பிடுகிறவனை உங்கள் மூக்கால் அளப்பதைத்தான் கேள்வி கேட்கிறேன். மாட்டுக்கறியையும் தீண்டாமையையும் பின்னிக் கட்டிய வரலாற்றை அம்பேத்கர் 1948இல் புத்தகமாகவே எழுதினார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ‘சாதி ஒழிப்பு’ உரையில், சேர்ந்து சாப்பிட்டால் மட்டும் சாதி ஒழியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். கலப்பு மணமும், சாதியைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் மேலுள்ள நம்பிக்கையை உடைப்பதும்தான் வழி என்றார். நம் நண்பர்களோ சேர்ந்து சாப்பிடுவதைக்கூட வெளிநாட்டுக் கடையில்தான் செய்கிறார்கள்.

தோழர்களே, கொரிய உணவகத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் புல்கோகி பிடிக்கும். போங்கள், சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு உங்களை நீங்களே சில கேள்விகள் கேளுங்கள். உங்களோடு ஒரே சட்டியில் ஸ்பூன் விட்ட நண்பனுக்கு உங்கள் வீட்டில் எந்தத் தட்டு? பாட்டி பழைய ஆள் என்றால், அந்தப் பாட்டியிடம் பேச வேண்டிய புது ஆள் யார்? உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ‘சைவர்களுக்கு மட்டும்’ பலகையை எதிர்த்து சங்கக் கூட்டத்தில் ஒரு முறையாவது எழுந்து நின்றீர்களா? உங்கள் தங்கை என் தெருவிலிருந்து ஒருவனைக் கைகாட்டினால் யார் பக்கம் நிற்பீர்கள்?

பதில் சொல்லிவிட்டு அடுத்த துண்டைச் சுடுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அன்று ராத்திரி கடையிலிருந்து திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். விடுதிக் குப்பைத் தொட்டியைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எனக்கு அப்பவே தெரியும்டா. டப்பா கழுவாமத் திரும்பி வந்துச்சே, அதுல ஒரு துண்டுகூட கடிச்ச அடையாளம் இல்ல. முழுசு முழுசா ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

அடுத்த மாதம் என் பிறந்தநாள். ஐந்து நண்பர்களையும் கூப்பிட்டிருக்கிறேன், கொரியக் கடைக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு. அம்மா உப்புக்கண்டம் காயப்போட்டுவிட்டார். ஒரே சட்டியில்தான் வைப்போம். இதுவரை இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற மூவருக்கு அன்றைக்கு ஏதோ வேலையாம்.