படும் பாடும் பங்கிடும் பாடும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலே வலை கிழிந்தால் நாலுபேர் கூடி உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறார்கள். படகு மணலில் தட்டினால், கூப்பிடாமலே தோள்கொடுக்க ஆள் வருகிறது. முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்து குறைந்தாலோ, குப்பங்கள் ஒன்றுதிரண்டு குரல் எழுப்புகின்றன. ஆனால், ஒரு வீட்டுப் பிள்ளையின் மனம் தடுமாறிவிட்டால்? இரவெல்லாம் உறங்காமல் அலறுகிறான், கையில் கிடைத்ததை உடைக்கிறான் என்றால்? நேற்றுவரை ஓடியாடிய பெண், பேச்சற்றுச் சுவரைப் பார்த்து அமர்ந்துவிட்டாள் என்றால்? அந்த வீட்டின் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஒரு தாய். வெளியே ஓர் ஊர்!

'பேய் பிடித்துவிட்டது' என்பார் ஒருவர். 'முன்வினை' என்பார் மற்றொருவர். 'வளர்த்த லட்சணம் அப்படி' என்பார் மூன்றாமவர். முதல் இருவரையும் மேடைதோறும் மறுத்துப் பழகியவர்கள் நாம். மூன்றாமவர் இருக்கிறாரே, அவர் நம் கூட்டத்திலேயே இருக்கிறார். சில வேளை கறுப்புச் சட்டையும் அணிந்திருக்கிறார்! பேயை ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் தாயைக் குற்றவாளியாக நிறுத்துவதா பகுத்தறிவு?

விஞ்ஞானத்தின் பெயராலும் இந்தப் பழி சுமத்தப்பட்டதுண்டு. ஆட்டிசம் என்னும் நிலைக்குத் தாயின் அன்பற்ற போக்கே காரணம் என்று மேலைநாட்டு அறிஞர் சிலர் ஒரு காலத்தில் எழுதினர். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலார், தாமே அத்தகைய பிள்ளையைப் பெற்றவர், 1964-இல் நூல் எழுதி அதை மறுத்தார். அதற்கு முன்பே, 1962-இல், இங்கிலாந்திலே பெற்றோர்கள் கூடிச் சங்கம் அமைத்துவிட்டனர். கடல்கடந்து போவானேன்? மூளை முடக்குவாதம் கொண்ட மகனை வளர்த்த பூனம் நடராஜன் என்ற தாய், 1985-இல் சென்னையிலே தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். பழி சுமந்தவர்களே வழி கண்டார்கள்!

10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே இது எவர் வீட்டுக் களங்கமும் அல்ல. எந்தக் குப்பத்துக்கும் புதிதும் அல்ல. பணக்காரன் வீட்டில் வந்தால் காரில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறான். மீனவன் என்ன செய்வான்? தகப்பன் விடியுமுன் வலையோடு போகவேண்டும். தாய் கூடையோடு விற்கப் போகவேண்டும். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். போய்வர ஒரு நாள். அந்த ஒரு நாள் என்பது அன்றைய உலைக்கு அரிசி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில், கடைசியில் கை தேடுவது கயிற்றை.

கயிறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்டு 6. தனியார் காப்பகம் ஒன்றிலே தீ. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை, தோழர்களே! தட்டிய கதவெல்லாம் திறக்காததால், திறந்திருந்த ஒரே கதவில் நுழைந்தவர்கள் அவர்கள்.

2017-இல் நிறைவேறி, 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவிலே அறவே தடுக்கிறது. மகிழ்கிறோம். அவிழ்த்துவிட்ட பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது யார்? அதற்கும் அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு விடை சொல்கிறது: குழந்தைகளுக்கான மனநலச் சேவையும், நோயுற்றவரின் குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவையும் அரசு தரவேண்டியவை. பிச்சையல்ல, உரிமை! மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் பிறந்தது. அது கோப்பிலிருந்து கிளம்பி ஏரிக்கரைவரை வந்து சேர்கிறதா, குறித்த நாளில் மருத்துவர் வருகிறாரா, மருந்து தீராமல் கிடைக்கிறதா என்று கேட்பது, கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும், நம் கடமை.

பழவேற்காட்டிலே பாடு என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடத்தை ஒருவனே வளைத்துக்கொள்ளாமல், இன்று இவர், நாளை அவர் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. (அதிலே பங்கு ஆணுக்குத்தான்; எல்லாக் குப்பத்துக்கும் இடமில்லை. அந்த வழக்கை வேறொரு நாள் பேசுவோம்.) எந்தச் சர்க்காரும் கற்றுக்கொடுத்ததல்ல, கரைவாழ் மக்கள் தாமே கண்ட நீதி. தண்ணீரை முறைவைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு, ஒரு தாய் படும் பாட்டைப் பங்கிடத் தெரியாதா?

திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு வீட்டார் அந்தப் பிள்ளையோடு இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டார். அந்த நேரத்திலே அவள் மீன் விற்கட்டும். அல்லது வெறுமனே உறங்கட்டும், அவளுக்கு உறக்கமும் கூலிதான். மன்றத்துத் திண்ணை மாலையில் சும்மா கிடக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாரம் ஒருநாள் அங்கே கூடட்டும். பேசட்டும், அழவேண்டுமானால் அழட்டும். நாம் போய்ச் சொற்பொழிவு ஆற்றவேண்டாம்!

கிளைச் செயலாளர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கு, சான்று இருந்தால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அந்தச் சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் அலையும் கால்கள் அந்தத் தாயின் கால்களாக இருக்கவேண்டாம். 14416 என்ற தொலைபேசி எண்ணை, 2022 அக்டோபர் முதல் மனநல ஆலோசனை தரும் எண்ணை, தேநீர்க்கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தேர்தல் சுவரெழுத்துக்குக் கிடைத்த சுண்ணாம்பு இதற்கும் கிடைக்கும்.

அடுத்த முறை பொன்னேரி மருத்துவமனைக்கு அந்தத் தாய் பேருந்து ஏறும்போது, பிள்ளையின் மறுகையைப் பிடித்துக்கொண்டு நம் தோழர் ஒருவரும் ஏறட்டும். யார் யார், எந்தெந்த நாள் என்பதை இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே முறைவைத்து எழுதிவிடுங்கள்.