புதையல் தேடுவோரின் தோள்பை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் அருகே, 2000ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்ச, தீர்க்க ரேகை எண்களை அறிவித்தார். 'ஜியோகேச்சிங்' என்னும் புதையல் விளையாட்டு அவ்வாறு பிறந்தது.

பிள்ளைகளுடன் இதற்குப் புறப்படும் பெற்றோர் பென்சில் ஒன்றை மறவாமல் எடுத்துக்கொள்க. பெட்டியிலுள்ள ஏட்டில் பெயர் எழுதினால்தான் கண்டதாகக் கணக்கு. பேனா மறுக்கும் ஈரத்தாளிலும் பென்சில் எழுதும். விரல் நுனியளவுச் சிமிழிலிருந்து தாட்சுருளை உருவச் சிறு இடுக்கி தேவை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் ஈடான மற்றொன்றை வைப்பது முறை; பிள்ளைகள் கையில் கோலியோ சாவிவளையமோ இருக்கட்டும். தின்பண்டம் வைக்கலாகாது, விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் குதறிவிடும். (உல்மரின் வாளியிலேயே அவரை விதை டின் ஒன்று இருந்தது வேறு கதை!)

ஆயினும், பையில் பெரும்பங்கு திரும்பி வருவதற்குரியதாதல் வேண்டும். ஓயாமல் வழிகாட்டும் கைபேசியின் மின்கலம் விரைவில் தீரும். அடர்காட்டில் தொடர்பும் அறும். மாற்று மின்கலம், அச்சிட்ட வரைபடம், கைவிளக்கு, தண்ணீர், பிள்ளைக்கொரு ஊதல் ஆகியன கட்டாயம். வண்டி நிறுத்திய இடத்தின் எண்களையும் புறப்படுமுன் தாளில் குறித்துக்கொள்க.