கற்பிக்கப் போவதா, கற்கப் போவதா?



சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பாடாங் செராயிலிருந்து ஒரு தாய் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அப்போது நான்காம் படிவ மாணவன். அவர்கள் செல்லும் தேவாலயத்தின் இளையோர் குழு, பத்து நாள் ஊழியப் பயணமாகக் கம்போடியாவுக்குப் புறப்படவிருந்தது. "அனுப்பலாமா டீச்சர்?" என்று கேட்டார். தந்தைக்கு விருப்பமில்லை. "நம்ம தோட்டத்துல இல்லாத கஷ்டமா அங்க இருக்கு?" என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜி.யு.போப். 1820-இல் பிறந்த அவர், சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து சேர்ந்தது 1839-இல். அப்போது அவருக்கு வயது 19. நம் ஐந்தாம் படிவ மாணவர்களைவிட இரண்டு வயதே மூத்தவர்! போதிக்க வந்த இளைஞர், தமிழைக் கற்கவும் செய்தார். கற்பதை நிறுத்தவே இல்லை. அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், நாலடியார் 1893-இலும், திருவாசகம் 1900-இலும் வெளிவந்தன. திருவாசகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. அவருக்கும் முன்னோடியான சீகன்பால்கு, 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார்.

இவ்விருவரின் சமயக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆசிரியர் என்ற முறையில் நான் காண்பது ஒன்றுதான். கொடுக்கச் சென்ற இடத்தில் பெற்றுக்கொள்ளவும் தெரிந்ததால் அவர்கள் வளர்ந்தார்கள்.

இன்றைய பத்து நாள் பயணங்களில் இதற்கு இடமிருக்கிறதா? பல பயணங்களில் இல்லை என்பதே என் கருத்து. அவ்வூர்த் தொழிலாளியே நன்றாகச் செய்யக்கூடிய சுவர்ப்பூச்சு வேலையை நம் பிள்ளைகள் அரைகுறையாகச் செய்கிறார்கள், குழந்தைகளை அணைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். கம்போடியாவின் அனாதை இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், வருகையாளர்கள் தந்த பணமே அத்தகைய இல்லங்கள் பெருகக் காரணமானது என்பதும் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் உண்மைகள். இரக்கம் மட்டும் போதாது. விசாரித்து அறியும் பொறுப்பும் வேண்டும்.

ஆகவே அத்தாயிடம் மூன்று நிபந்தனைகளைக் கூறினேன். முதலாவது, புறப்படுமுன் கெமர் மொழியில் ஐம்பது சொற்களையாவது அவன் கற்க வேண்டும். இரண்டாவது, தங்குமிடம், பொறுப்பாளர், அன்றாட வேலை ஆகியவற்றைப் பெற்றோர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவது, திரும்பி வந்தபின் ஆறு மாதம் சொந்த ஊரில் ஏதேனும் ஒரு பணியை அவன் செய்ய வேண்டும்.

சென்றான், திரும்பினான். பெருமை பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ வேறொன்றைச் சொன்னான். அவன் கெமர் மொழி பேசியதைக் கேட்டு அங்குள்ள சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாளாம். "நாலாம் ஆண்டுல வாசிக்கத் தெரியாத ஒருத்தனப் பாத்து நானும் சிரிச்சேன் டீச்சர். ஞாபகம் இருக்கா?" என்றான். எனக்கு நினைவிருந்தது. அன்று அவனைக் கண்டித்தேன். அந்தக் கண்டிப்பால் விளையாத உணர்வு, அவனே சிரிப்புக்கு ஆளானபோது விளைந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் தன் தாமானில் ஐந்து பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறான். தோட்டம் விற்கப்பட்டபின் அங்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இடையில் மூன்று வாரம் அவன் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அந்தப் பிள்ளைங்க வாசல்ல உட்கார்ந்திருக்குதுங்கடா" என்று அவனை எழுப்பி அனுப்பியவர், பயணத்தை எதிர்த்த அதே தந்தைதான்.

தந்தையின் கேள்வி நியாயமானது. நம் தோட்டத்திலும் தாமானிலும் கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரிவதில்லை. தொலைவு சென்று திரும்பும் கண்ணுக்குச் சில வேளைகளில் தெரிகிறது. அதற்காக மட்டுமே ஒரு பிள்ளையை அனுப்பலாம்.

பெற்றோர்களே, தேவாலயமோ, ஆலயமோ, பொது இயக்கமோ, யார் அழைத்தாலும், "என் பிள்ளை அங்கே என்ன கொடுக்கப் போகிறான்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாரிடம் கற்கப் போகிறான்? திரும்பி வந்து யாருக்குப் பயன்படுவான்?" என்றும் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், அந்தப் பணத்தை அவனுடைய மேற்படிப்புக்குச் சேமித்து வையுங்கள்.

ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களின் அனுபவம் என்ன? எழுதுங்கள், சேர்ந்து சிந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை