பத்தாயிரத்தில் எட்டு

சினையாக இருக்கும் குதிரையின் மூத்திரத்துக்கு மருந்துக் கடையில் தனி மரியாதை உண்டு. அதிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் ப்ரெமரின். பிரெக்னன்ட், மேர், யூரின் என்ற மூன்று வார்த்தைகளையும் ஒட்டவைத்த பெயர். வெள்ளைக்காரன் எதையும் ஒளிக்கவில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் ஹெச்.ஆர்.டி. திடீரென்று நெஞ்சிலிருந்து காது வரை கொதிப்பது, நடுராத்திரி தலையணை நனைய வியர்ப்பது எல்லாம் அடங்கும். எலும்புக்கும் நல்லது.

"எனக்கு இருபத்தாறு வயசு சார், இன்னும் பெண்ணே பார்க்கலை" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். ஆபீஸில் டிசம்பர் மாதத்திலும் ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்லும் செக்‌ஷன் மேடம் இருக்கிறார்.

என் அக்காவுக்கு 58. ஏழு வருஷமாக மாத்திரை. அத்தான் எதையோ படித்துவிட்டு, "கேன்சர் வருமாம். இன்னிக்கே நிறுத்து" என்றார்.

"நிறுத்தினா ராத்திரி மூணு மணிக்கு யார் முழிச்சுக் கிடக்கறது? நீங்களா?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் பத்திரிகையில எழுதறியே, சொல்லுடா" என்றாள்.

அத்தானின் பயம் வெறும் பயமில்லை. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரலாம் என்று 1975-லேயே தெரிந்துவிட்டது. அதனால் கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டு மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆராய்ச்சி 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவிகிதம் அதிகம் என்று செய்தி. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையை விட்டார்கள்.

சதவிகிதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வெற்று மாத்திரை சாப்பிட்ட பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு 30 பேருக்கு அந்தப் புற்றுநோய். நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 38. எட்டு பேர் அதிகம். பக்கவாதத்திலும் எட்டு அதிகம். இடுப்பெலும்பு முறிவில் ஐந்து குறைவு. அந்தப் பெண்களின் சராசரி வயசு 63 என்பதைத் தலைப்பு சொல்லவில்லை.

எட்டு சின்ன எண்தான். அந்த எட்டில் ஒருத்தி நம் அக்கா என்றால் சின்ன எண் இல்லை.

பிறகு நிபுணர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால், வேறு தடை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் லாபம்தான். கூட்டு மருந்தை வருஷக்கணக்கில் நீட்டினால் மார்பக ஆபத்தும் ஏறும். அதற்காக இத்தனாவது பிறந்த நாளன்று நிறுத்து என்று சட்டமும் இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-ல் சொன்னது இதுதான்.

அக்காவின் டாக்டர் முதலில் மேமோகிராம், பிரஷர் பார்த்தார். மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல், அதுவும் குறைந்த அளவில் தரலாம் என்றார். ரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. கர்ப்பப்பைக்கான இன்னொரு மருந்தை மட்டும் விடக் கூடாது.

"தொடர்றீங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இல்லை டாக்டர், நாங்க யோசிச்சு..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"சார், உங்களுக்கு வியர்க்குதா?" என்றார் டாக்டர்.

அக்கா ஒரு வருஷம் ஜெல் தடவிப் பார்ப்பதாக முடிவு செய்தாள். அடுத்த வருஷம் மறுபடி கணக்கு. அப்போது நிறுத்தவும் நிறுத்தலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். ஆண் பிள்ளைகள் செய்ய வேண்டியது இரண்டு. டாக்டரிடம் கூடப் போவது ஒன்று. அங்கே போய்ச் சும்மா இருப்பது இரண்டு. இரண்டாவதுதான் கஷ்டம்.